விற்பவருக்கு எதற்குக் கடிதம்?

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவச் செல்வங்களே, வீட்டுக்கு விலை கேட்கும்போது குடும்பப் படம் வைத்து விற்பவருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுகிறீர்களாம். வேண்டாம்.

தூத்துக்குடியில் பிரையண்ட் நகரானாலும் மில்லர்புரமானாலும், விலை பேசுமுன் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குக் கூசியவர்கள்தானே நீங்கள்? இப்போது கேட்காமலே பதில் எழுதிக் கொடுக்கிறீர்கள். பண்டிகைப் படம் வேறென்ன சொல்லும்?

முகவர்கள் இத்தகைய கடிதங்களை விற்பவரிடம் சேர்க்கக் கூடாதென்று 2021இல் ஓரிகன் மாநிலம் சட்டம் போட்டது. பேச்சுரிமையைக் காட்டி 2022இல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சரி, எழுதலாம். ஆனால் அதே விலை கேட்ட கறுப்பினக் குடும்பத்தின் படத்தைப் பார்த்து ஒருவர் ஒதுக்கினால், அவர்களுக்குக் காரணம் தெரியவா போகிறது?

எவ்வளவு பணம், எப்போது பத்திரம். அதை மட்டும் எழுதுங்கள். வேண்டுமானால் வாசல் மரத்தைப் புகழ்ந்துகொள்ளுங்கள்.