நிக்க வச்சும் பிரஷர் பாருங்க

தெஹியோவிட்ட பக்கத் தோட்டங்கள்ல வயசானவங்க அடிக்கடி விழுந்தா நாம முதல்ல சொல்றது "வயசாச்சு". கக்கூசுக்குப் போறதுக்குள்ள உடுப்பு நனைஞ்சா அதுவும் வயசு. நாலு நாளா வெளிக்குப் போகலன்னா சாப்பாடு சரியில்ல. ஆளே இல்லாத மூலையைக் காட்டி "அந்தப் பிள்ளைங்க யாரு?"ன்னு கேட்டா மட்டும் கோடாங்கியைத் தேடுறோம். இந்த நாலும் சேர்ந்து வந்தா, ஒரே நோயாகவும் இருக்கலாம்.

அதன் பெயர் லூயி பாடி டிமென்சியா. ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு உயிரணுக்களுக்குள் உருண்டையாகத் திரள்வதால் வருகிறது. டிமென்சியான்னா மறதின்னுதான் நாம நினைச்சிருக்கோம். இதில் மறதி பிந்தியும் வரலாம். ரத்த அழுத்தம், குடல், சிறுநீர்ப்பை எல்லாத்தையும் நம்மைக் கேட்காமலே நடத்துற தன்னியக்க நரம்புகளையும் இந்த நோய் பிடிக்குது. மலச்சிக்கல் பல வருசம் முன்னாடியே தொடங்கிரலாம். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு இந்த நோய் இருந்ததே 2014இல் அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு வசதி இருந்தும்!

பெரிய ஆபத்து எழும்பி நிக்கிறப்பதான். காலுக்கு இறங்குற ரத்தத்தை மேலே அனுப்ப, நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கணும். இங்க அந்தக் கட்டளை சரியாப் போகாது. நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்கணும். விடியக்காலை இருட்டுல லயத்துக்கு வெளியே படி இறங்குற ஒரு பாட்டியை நினைச்சுப் பாருங்க. உட்கார வச்சு மட்டும் பார்த்தா பிரஷர் சரியாகவோ கூடவோ காட்டலாம். அதை நம்பி மாத்திரையைக் கூட்டினா, நிக்கிறப்ப இன்னும் இறங்கும்.

எங்க கோரிக்கை சின்னதுதான். படுக்க வச்சு ஒரு தடவை, பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்க, நிக்க வச்சு ஒரு தடவை. அதே கருவி போதும், கொழும்புக்கு ஓட வேணாம். கூட்டிப்போற நாமதான் இதைக் கேக்கணும். பாட்டிக்குச் சிங்களத்துல சொல்லத் தெரியாது. வெட்கத்துல தமிழிலயும் சொல்ல மாட்டாங்க. உருவம் தெரியிறதைச் சொல்றப்ப, விழுறதையும் மலச்சிக்கலையும் சேர்த்தே சொல்லுங்க. அதை மட்டும் தனியாச் சொன்னா மனநோய் மருந்து எழுதிரலாம். ஹாலோபெரிடால் மாதிரி மருந்து இந்த நோயாளிகளோட உடம்பை விறைக்க வைக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முழுசாக் குணமாக்க இன்னும் மருந்து இல்ல. ஆனா காலைத் தொங்கப்போட்டு ரெண்டு நிமிசம் உட்கார்ந்துட்டு எழும்பலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே நடக்க விடாதீங்க. ராத்திரிக்கு ஒரு வாளியைக் காம்பராவுக்குள்ளயே வச்சிருங்க, அதுல யாருக்கும் கௌரவம் குறையாது.