பக்கவாதமும் "நார்மல்" சி.டி. ஸ்கேனும்

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு டாக்டர் அந்த ஊசி?"

எமர்ஜென்சி வார்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமானதும்கூட. ஆனா இதைக் கேட்டுட்டு, வெளியே போய் மாமாவுக்கு போன் போட்டு, மாமா தனக்குத் தெரிஞ்ச டாக்டருக்கு போன் போட்டு முடிக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம் போயிடுது. அதனால வீட்ல எல்லாரும் நல்லா இருக்கும்போதே படிச்சு வைங்க.

வாய் கோணுது, ஒரு பக்கம் கை கால் விழுது, பேச்சு குழறுது. இது திடீர்னு வந்தா பக்கவாதம்னுதான் முதல்ல நினைக்கணும். இதுல ரெண்டு வகை. மூளைக்குப் போற ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைக்கறது ஒண்ணு. குழாய் வெடிச்சு ரத்தம் கசியறது இன்னொண்ணு. வெளியே இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் நோயாளியைப் பார்த்து மட்டும் உறுதியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. வைத்தியமோ நேர் எதிர். அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி. அதே ஊசியைக் கசிவுக்குப் போட்டா உயிரே போகலாம்.

அதனால்தான் முதல்ல சி.டி. அந்த நேரத்துல அதுகிட்ட நாங்க கேட்கற முக்கியமான கேள்வி: கசிவு இருக்கா, இல்லையா? புது ரத்தம் படத்துல பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியும். எடுக்க சில நிமிஷம் போதும்.

அடைப்பு அப்படி இல்ல. முதல் சில மணி நேரம் சாதாரண சி.டி.யில் பல பேருக்குத் தெளிவாத் தெரியாது. மூளைத் திசு செத்து வீங்கின பிறகுதான் அந்த இடம் கருக்க ஆரம்பிக்கும். அப்போ கை விழுந்திருக்கு, ஸ்கேன் நார்மல்னா என்ன அர்த்தம்? "ஒண்ணும் இல்லை"ன்னு இல்ல. "கசிவு இல்லை, மூளையை இன்னும் காப்பாத்த வழி இருக்கு"ன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சு நார்மல் ரிப்போர்ட் இவ்வளவு தப்பாப் புரிஞ்சுக்கப்படற இடம் வேற இல்ல.

"எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமே?" அடைப்பை அது சீக்கிரமே காட்டும், உண்மைதான். ஆனா நேரம் பிடிக்கும். ராத்திரி 2 மணிக்கு எல்லா ஊர்லயும் கிடைக்காது. இந்த ஊசிக்குப் பொதுவான கெடு 4.5 மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து இல்ல, அறிகுறி தொடங்கினதுல இருந்து. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தா, கடைசியா நல்லா இருந்த நேரம்தான் கணக்கு. பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் அழியும்னு ஒரு பிரபலமான மதிப்பீடு உண்டு.

இந்த நிலைமையில இருக்கறவரை "வெளிய ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதி அனுப்பறது தப்புன்னுதான் நான் சொல்லுவேன். பக்கத்துலேயே ஊசி போட ஆள் இல்லாத ஸ்கேனால என்ன பிரயோஜனம்? படக் கவரோட நோயாளி மறுபடியும் ஆட்டோ ஏறணும். தெரு முனை கிளினிக்கைத் தாண்டி இருபது நிமிஷம் கூடப் போனாலும் பரவாயில்ல, சி.டி.யும் பக்கவாத ஊசியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேராப் போங்க.

போற வழியில காபி, தண்ணி, ஆஸ்பிரின் எதுவும் வாயில ஊத்தாதீங்க. விழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிடும். கசிவா இருந்தா ஆஸ்பிரின் இன்னும் ஆபத்து.

உங்க ஊர்ல 24 மணி நேரமும் இது ரெண்டும் இருக்கற ஆஸ்பத்திரி எது? இன்னைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டு, 108க்குப் பக்கத்துல அந்த நம்பரையும் எழுதி ஒட்டிடுங்க.