வாய் வார்த்தையும் செங்கல்லும்

தம்பி மகன் முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறான். போன மாதம் அரிசி மண்டிக்காரர் ஒருவரிடம் போனிலேயே பேசி நாற்பது மூட்டைக்கு விலை முடித்திருந்தான். விலை ஏறியதும் அவர், "அந்த ரேட்டுக்குக் கட்டாது, வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். வேறு கடையில் மூட்டைக்கு 150 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறான். "எழுத்துல ஒண்ணும் இல்லையே பெரியப்பா, என்ன பண்ண முடியும்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதையே சொல்லிக்கொண்டு 4,800 ரூபாயைக் கோட்டை விட்டவன் நான்.

1996-ல் இலாசுப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். செங்கல் சூளைக்காரர் ஒருவரிடம் இருபதாயிரம் கல், ஆயிரம் 850 ரூபாய் என்று பேச்சு. கொத்தனார் பக்கத்தில் இருந்தார். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். முதல் லோடு நாலாயிரம் கல் வந்தது. லோடு சீட்டில் சூளைக்காரர் கையாலேயே '4,000 - 850' என்று எழுதியிருந்தார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. சூளைகள் நின்றன, கல் விலை ஏறியது. மீதிக் கல் வரவில்லை. ஒருநாள் மனிதர் வந்து, முதல் லோடு கணக்கை நேர் செய்து முன்பணத்தையும் கழித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று போய்விட்டார். பதினாறாயிரம் கல்லை ஆயிரம் 1,150 என்று வெளியில் வாங்கினேன். அந்த 4,800 ரூபாய் அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

ஏன் சும்மா இருந்தேன்? படிப்புதான் காரணம். அப்பா நொத்தேர் ஆபீஸில் எழுத்தர். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. 'லெ பரோல் ஸான்வோல், லெ ஸெக்ரி ரெஸ்த்' (பேச்சு பறந்துவிடும், எழுத்து நிற்கும்) என்பது வீட்டில் தினசரி வாசகம். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விஷயத்துக்கு எழுத்து வேண்டும், சாட்சி செல்லாது. 1804-ல் அந்த வரம்பு 150 பிராங்க். இன்றைக்கு 1,500 யூரோ. அது மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

2001-ல் கடற்கரையில் என்னோடு நடக்க வரும் வக்கீல் நண்பரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். மனிதர் நின்றே விட்டார். "நீங்க வேலை பார்த்தது இந்திய சர்க்காரிலதானே?" என்று கேட்டார். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 5-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் வாய்மொழியாகவே இருக்கலாம் என்கிறது. விற்பவர் சரக்கு தராவிட்டால் 57-ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். எவ்வளவு என்பதற்கு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. சாதாரணமாக, பேசிய விலைக்கும் சரக்கு வர வேண்டிய நாளின் மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான். கொத்தனார் சும்மா உட்கார்ந்திருந்த நாலு நாள் கூலி? வேலை எப்போது ஆரம்பம் என்று முன்கூட்டியே சூளைக்காரரிடம் சொல்லியிருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாமாம். சொல்லியிருந்தேன். ஆனால் நஷ்டத்தை வேண்டுமென்றே பெருக்கக் கூடாது. நியாயமான விலைக்கு வேறு இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லையே கொடு என்று கோர்ட் உத்தரவு போடுவது கடினம், அது எங்கும் கிடைக்கிற சரக்கு.

"முன்பணத்தைத் திரும்ப வாங்கிட்டேனே" என்றேன். "வாங்கும்போது கணக்கு தீர்ந்ததுன்னு சொன்னீங்களா?" என்றார். இல்லை. அப்படியானால் 75-ஆம் பிரிவின்படி அதற்கு மேலும் கேட்டிருக்கலாம். ஆனால் கெடு, ஒப்பந்தம் முறிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். அது முடிந்து போயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு சட்டத்தையும் நான் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன். எதிராளி கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு அங்கே 'எழுத்துச் சான்றின் ஆரம்பம்'. அதோடு சாட்சியும் எடுபடும். வியாபாரி மேல் வழக்கென்றால் எழுத்தே கட்டாயமில்லை. அப்பா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார்.

4,800 ரூபாய்க்குக் கோர்ட்டுக்கு நடப்பது லாபமா என்று கேட்டால், எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்ப என்ன செலவாகியிருக்கும்? சில நூறு. 'வாய் வார்த்தைதானே' என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல், வாக்கு மாறினவருக்குக் கொடுக்கிற தள்ளுபடி.

தம்பி மகனிடம் மூன்று கேள்வி கேட்டேன். பேசும்போது கூட யார் இருந்தார்கள்? சமையல்காரர். வேறு இடத்தில் வாங்கிய பில் இருக்கிறதா? இருக்கிறது. மண்டிக்காரர் ஏதாவது அனுப்பினாரா? வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "சரி தம்பி, நாப்பது மூட்டை, வியாழக்கிழமை ஏத்தி உட்டுடறேன்." அந்தப் போனை மாற்றாதே, எதையும் அழிக்காதே என்று சொல்லி, வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். 6,000 ரூபாய் கேட்டுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. பதினைந்து நாள் கெடு. இன்றைக்கு ஒன்பதாவது நாள்.