பட்டையின் அடியை வெட்டாதீர்கள்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது எங்கள் வழக்கம். கணக்கெடுப்பது, மனு எழுதுவது எல்லாம் சொல்லித் தருவோம். எண்களை வரைபடமாக்குவதை மட்டும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். அதற்கு ஒருமுறை விலையும் கொடுத்தோம்.

மாணவர் விடுதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோயிருந்தோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 73.26. எக்செல் போட்டுத் தந்த பட்டை வரைபடத்தை அப்படியே மனுவில் ஒட்டியிருந்தோம். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாக அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காது. அச்சு 70-இல் தொடங்கினால் ஒரு பட்டை 10 அளவு உயரும், மற்றது 3 அளவு. ஏழு புள்ளி இடைவெளி மூன்று மடங்காகத் தெரியும். அதிகாரி படத்தைப் பார்த்தார். "ஊதிப் பெருசாக்கிக் காட்டுறீங்களா?" என்றார். பிறகு மனுவில் எதையும் அவர் நம்பவில்லை.

"இடைவெளி உண்மைதானே, பெரிதாகத் தெரிந்தால் என்ன தப்பு?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். கோபம் நியாயம். ஆனால் பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்துதான் கீழே இறங்குகிறது. கீழே தெரிவதை மட்டும் அளந்து அருவியின் உயரம் என்று சொல்ல முடியுமா? பட்டையின் பேச்சே அதன் நீளம்தான். அடியை வெட்டினால் அது பொய் பேசும். நம்மை நம்பாதிருக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு பொய் போதும்.

நேர்மையாகக் காட்டினால் நம் வாதம் மெலிந்துவிடாது. அதே எண்களை 100-இலிருந்து கழித்துப் பாருங்கள். எழுத்தறிவு பெறாதோர் மொத்தத்தில் 19.91 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 26.74. பூஜ்ஜியத்தில் தொடங்கினாலும் நம் பட்டை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். இன்னொன்று: அந்த 80.09-க்குள் நம் மக்களும் அடக்கம். அவர்களைத் தனியே பிரித்தால் இடைவெளி இன்னும் கூடும். இதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். ஆண்டையும் எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மற்றவை எளிது. அச்சின் மேல் இருமுறை சொடுக்கி 'மினிமம்' என்ற இடத்தில் 0 இடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம். முப்பரிமாண வட்டப்படம் வேண்டாம். முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். எண்ணைப் பட்டையின் மேலேயே எழுதுங்கள். நம் மனு தென்காசி ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையாகித்தான் மேசைக்குப் போகிறது. சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பல்தான். எனவே ஒன்றை அடர்த்தியாகவும் மற்றதை வெளிறியும் வையுங்கள்.

இது சின்ன வேலை அல்ல. 1900 பாரிஸ் கண்காட்சிக்காக டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் கையால் வரைபடங்களாகத் தீட்டினார். அதே டு பாய்ஸுக்குத்தான் 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார்.

அவர்கள் மையும் தூரிகையும் கொண்டு செய்ததை நாம் இரண்டு சொடுக்கில் செய்யலாம். அடுத்த மனுவைக் கொடுக்கும் முன் அச்சு எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள், தோழர்களே.