முதல் செலவு நெருப்புக்கு அல்ல!



"சுயதொழில்" என்றதும் நம்மில் பலருக்கு செல்போன் சர்வீஸ், ஜெராக்ஸ் கடை, லேத் பட்டறை இவைதான் ஞாபகத்துக்கு வரும். கண்ணாடிக் கம்பியைச் சுடரில் உருக்கி, எஃகுக் கம்பியில் சுற்றி, வீட்டிலேயே பாசிமணி செய்யும் வேலை ஒன்று உண்டு என்பது வீடியோக்கள் புண்ணியத்தில் இப்போதுதான் நம் பசங்களுக்குத் தெரிய வந்திருக்கிறது. ஒரு மேசை, ஒரு பர்னர், நாலு கலரில் கண்ணாடி, அவ்வளவுதான் முதலீடு என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு வருடமாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்ல விரும்புவது ஒரே ஒரு கருத்துதான்.

முதல் பணம் பர்னருக்குப் போகக் கூடாது. கண்ணுக்கு, காற்றுக்கு, மணியை ஆறவைக்கும் உலைக்கு என்று மூன்று பங்கு எடுத்துவைத்த பிறகு, மிச்சத்தில் வாங்க வேண்டியதுதான் பர்னர்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "மச்சி, பர்னர் இல்லாம கண்ணாடியை வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ? பெருசா ஒண்ணு வாங்கு, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!" இந்த "அப்புறம்" இருக்கிறதே, எனக்குப் பிரச்சினையே அதனோடுதான்.

கண்ணாடி மணி நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே மண்ணிலிருந்து கிடைத்த கண்ணாடி மணிகள் கொஞ்சநஞ்சமல்ல. உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை அவை. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்பு முறை இருபதாம் நூற்றாண்டிலும் பிழைத்திருந்தது. ஆனால் அது சூளை கட்டி, பலர் கூடிச் செய்யும் வேலை. புதிதாய் வருபவன் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நிற்பார். நம் வீட்டு மேசையில் ஒவ்வொரு மணியாகச் சுற்றும்போது யார் நிற்பார்? அந்தப் பெரியவர் செய்ய வேண்டிய காவலை நாம் வாங்கும் சாமான்தான் செய்ய வேண்டும். அதனால்தான் எதை முதலில் வாங்குவது என்பதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கண். சாதாரணக் கண்ணாடியில் சோடியம் இருக்கிறது. சுடரில் காட்டியதும் பளீரென்று மஞ்சள் ஒளி கிளம்பும். அதன் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். அந்த மஞ்சளுக்குப் பின்னால் மணி உருண்டையாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்றே தெரியாது. டிடிமியம் கண்ணாடி அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டிவிடும். கூலிங் கிளாஸ் அந்த வேலையைச் செய்யாது. வெல்டிங் கண்ணாடி போட்டால் எல்லாமே இருட்டு. இன்னொன்று, குளிர்ந்த கண்ணாடிக் கம்பியைச் சட்டென்று சுடருக்குள் நீட்டினால் முனை பட்பட்டென்று தெறிக்கும். அந்தச் சில்லு கண்ணைத் தேடித்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது காற்று. சுடர் ஆடுகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காரும் வழக்கம் உண்டு. எரியும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும் என்று கெமிஸ்ட்ரியில் படித்தோமே, பரீட்சை எழுதியதோடு மறந்துவிட்டோமா? சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், சரி. ஆனால் மேசைக்கு மேலே புகையை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் புதுக் காற்று வர ஒரு திறப்பு, இரண்டும் வேண்டும். கம்பியில் மணி ஒட்டாமலிருக்கப் பூசும் களிமண் கலவையும் காய்ந்தால் தூசிதான். மணியின் துளையைத் தண்ணீருக்குள் வைத்தே சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், ஆறவைத்தல். மணியின் வெளிப்புறம் சீக்கிரம் ஆறும், உள்ளே மெதுவாக ஆறும். இந்த வித்தியாசம் கண்ணாடிக்குள் இறுக்கமாகத் தங்கிவிடும். அதைப் போக்க, இத்தாலியின் முரானோ பக்கத்து மென்கண்ணாடி என்றால் சுமார் 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கு 60 டிகிரி அளவில் மெதுவாக இறக்க வேண்டும். வெர்மிகுலைட்டில் புதைப்பதும், செராமிக் ஃபைபர் போர்வைக்குள் வைப்பதும் அந்த நேரத்தில் வெடிக்காமல் காப்பாற்றும். ஆனால் அது அனீலிங் ஆகாது. நண்பன் ஒருவன் அப்படிச் செய்த மணிகளைக் கோத்து மாலையாக விற்றான். மூன்றாவது வாரம் மணி ஒன்று இரண்டாகப் பிளந்து, வாங்கிய அக்காவின் கழுத்தில் கீறிவிட்டது. "என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டியே" என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் இருக்கிறது? பழகுவதற்குச் செய்யும் மணிக்கு வெர்மிகுலைட் போதும். காசு வாங்கும் மணி உலைக்குப் போயே ஆக வேண்டும்.

கண்ணாடிக் கம்பி வாங்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. முரானோ வகை மென்கண்ணாடியின் எண் 104. அதாவது ஒரு டிகிரி சூடேறினால் ஒரு கோடியில் 104 பங்கு நீளும். வேறு சில வகைகளுக்கு 90. லேப் பீக்கர் செய்யும் போரோசிலிகேட்டுக்கு 33தான். 104ஐயும் 90ஐயும் ஒரே மணியில் கலந்தால் என்ன ஆகும்? வித்தியாசம் 14. 450 டிகிரி இறங்கும்போது திரிபு 0.00063. கண்ணாடியின் யங் குணகம் சுமார் 70,000. பெருக்கிப் பாருங்கள், சதுர மி.மீ.க்கு 44 நியூட்டன்! தோராயக் கணக்குதான். ஆனால் நடைமுறையில் கண்ணாடி தாங்கும் இழுவிசையே சில பத்து நியூட்டன்கள்தானே? எந்த உலையும் இதைச் சரிசெய்யாது. அதனால் ஒரே எண்ணுள்ள கண்ணாடியாக வாங்குங்கள். பழைய பாட்டிலை உடைத்தால் அதை அதனோடு மட்டும் சேருங்கள். தொடக்கத்துக்குக் கால் கிலோ போதும். 10 மி.மீ. மணி ஒன்று சுமார் 1.3 கிராம்தான் இருக்கும். சேதாரம் போனாலும் 150 மணி தேறும்.

இப்போது பர்னருக்கு வருவோம். வெளியிலிருக்கும் காற்றையே இழுத்துக்கொண்டு எரியும் ஒற்றை வாயு டார்ச் முதல் வருடத்துக்குப் போதும். மேல்நாடுகளிலும் தொடக்கக்காரர்கள் பலர் ஹாட் ஹெட் என்ற அப்படிப்பட்ட டார்ச்சில்தான் கை பழகுகிறார்கள். இரைச்சல் அதிகம், வேலை மெதுவாக நடக்கும், பெரிய மணி வராது. மெதுவாக நடப்பது பழகுகிறவனுக்கு நல்லதுதானே! ஆக்சிஜன் சேரும் பர்னர் கை தேறிய பிறகு. அப்போதும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் வேண்டாம், ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. வெல்டிங் ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் சொன்னது இங்கேயும் சட்டம்தான். அசெட்டிலீன் கண்ணாடியில் கரி படிய வைக்கும், அது வேண்டாம்.

சிலிண்டர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். அம்மாவின் அடுப்பிலிருந்து 14.2 கிலோ சிலிண்டரைக் கழற்றாதீர்கள். அது சமையலுக்கு மட்டும் என்பது சட்டம். தவிரவும், அதில் ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டி அறைக்குள் வைப்பது ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். "கேஸை வச்சு வெளையாடாதடா" என்று அம்மா சொல்வது வெறும் பயமல்ல, பௌதிகம்!

மிச்சப்படுத்த வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மணி சுற்றும் கம்பிக்குத் தனிக் கடை தேட வேண்டாம். வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் டிக் ஃபில்லர் ராட் 1.6, 2.4, 3.2 மி.மீ. அளவுகளில் வரும். ஒரு மீட்டர் ராடை நாலாக வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்தால் தீர்ந்தது. ஜி.ஐ. கம்பி மட்டும் வேண்டாம், துத்தநாகப் புகை வரும். பழைய கத்தி, ஒரு இடுக்கி, மேசை மேல் ஒரு சிமெண்ட் போர்டு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், போதும்.

உலைக்குப் பணம் எங்கே என்பீர்கள். இங்கேதான் நாம் டிப்ளமோ மாணவர்கள் என்பது உதவிக்கு வருகிறது. பர்னரை நாமே செய்யக் கூடாது, உலையை நாமே கட்டலாம். இன்சுலேஷன் செங்கல், காயில், கே டைப் தெர்மோகப்பிள், ஒரு கன்ட்ரோலர். இ.இ.இ. நண்பர்களுக்கு இது ஒரு செமஸ்டர் புராஜெக்ட். எர்த் கட்டாயம். எஃகுக் கம்பியோடு மணியை உள்ளே வைக்கும்போது கம்பி காயிலில் பட்டால் ஷாக்தான். கதவைத் திறந்ததும் மின்சாரம் துண்டிக்கப்பட ஒரு சுவிட்ச் வையுங்கள். துறை ஆசிரியர் பார்த்த பிறகே பிளக்கில் செருகுங்கள்.

அதுவரைக்கும்? ஆறிய மணிகளைச் சேர்த்துவைத்து, பிறகு ஒரே தடவையில் மெல்லச் சூடேற்றி அனீல் செய்யலாம். லேபில் இருக்கும் மஃபிள் பர்னஸுக்கு 520 டிகிரி ஒரு பெரிய விஷயமே இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் மேற்பார்வையில் அதைத் திறந்துவிடும்படி நம் மாணவர் சங்கம் கேட்கலாமே? இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து நடுவில் மணியைப் பிடித்தால், உள்ளே இறுக்கம் இருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும். அந்தச் சோதனையில் தேறிய மணியைத்தான் விற்பது என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளலாம்.

தோழர்களே, பெரிய சுடரைப் பார்த்துக் கைதட்ட ஆள் இருக்கும். பத்து வருடம் கழித்தும் உடையாத மணியைப் பார்த்து யாரும் கைதட்ட மாட்டார்கள். அதை வாங்கியவர் தன் தங்கைக்கும் ஒரு மாலை கேட்டு வருவார். தொழில் என்பது அதுதான். யோசித்து வாங்குங்கள்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை