கம்பெனி மைலேஜும் ஜாப் கார்டு மைலேஜும்

"ஷோரூம்ல இருபத்திரண்டுன்னு சொன்னாங்கண்ணா, பதினாலுக்கு மேல வரமாட்டேங்குது. என்னன்னு பாருங்க." தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ பட்டறை வைத்திருக்கும் எவரும் இந்தப் புகாரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நம்மில் சிலர் "கம்பெனிக்காரன் சொல்றதெல்லாம் சும்மா" என்று அனுப்பிவிடுகிறோம். சிலர் பிளக்கை மாற்றி, இன்ஜெக்டரைக் கழுவி, பில் போடுகிறோம். முதல் பதில் உண்மையல்ல. இரண்டாவது பல நேரம் வாடிக்கையாளரின் காசுக்குக் கேடு.

அந்த 22 எங்கிருந்து வருகிறது? புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்ற மையங்களில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். திரையில் நகரும் வேகக்கோட்டை விட்டு விலகாமல் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். பழைய ஐரோப்பிய ஓட்டச் சுழற்சியை எடுத்து, உச்ச வேகத்தை 120-லிருந்து 90 கி.மீ. ஆகக் குறைத்து நமக்கென்று வைத்துக்கொண்ட சுழற்சி அது. மொத்தம் 1,180 நொடி, ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர். அதன் நகரப் பகுதியில் நின்ற வண்டி 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 நொடி எடுத்துக்கொள்ளும். நம் சாலையில் அப்படி ஓட்டினால் பின்னால் வரும் ஆட்டோக்காரர் சும்மா விடமாட்டார். ஏசி போடுவதில்லை. அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். பெட்ரோலைக்கூட நேரடியாக அளப்பதில்லை. புகையில் வந்த கார்பனைக் கொண்டு எரிந்த அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இதில் ஏமாற்று ஏதுமில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே தேர்வு என்பதால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடிகிறது. தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தாதுவை அசே ஆபீஸில் சோதித்துச் சொன்ன அத்தனை கிராம் தங்கமும் மில்லில் கைக்கு வந்ததில்லை. அதற்காக அசே பொய் என்று யாரும் சொன்னதுமில்லை.

நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் இரண்டு வகையாக ஓடுகின்றன. ஒன்று, உள்ளூர் ஓட்டம்: மாரிக்குப்பத்திலிருந்து மார்க்கெட், பள்ளிக்கூடம், கோயில் என்று மூன்று நான்கு கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். சோதனையும் குளிர்ந்த இன்ஜினில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த இழப்பு அங்கே பத்து கிலோமீட்டருக்கு மேல் பரவிவிடுகிறது. இங்கே மூன்று கிலோமீட்டரே முழுதும் சுமக்கிறது.

மற்றொன்று, பெங்களூர் ஓட்டம். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடியபின் ஊரில் பலருக்குப் பிழைப்பு அங்கேதான். நெடுஞ்சாலையில் வேகம் 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 90 விழுக்காடு கூடும். சோதனையோ 90-ஐத் தாண்டுவதே இல்லை. பிறகு கே.ஆர்.புரம், டின் ஃபேக்டரி நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால், நெடுஞ்சாலையில் கிடைத்ததும் கரைந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டரை ஒட்டி நாம் இருப்பதால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. எதிர்ப்பு சற்றுக் குறையும். ஆனால் டர்போ இல்லாத இன்ஜினில் இழுவையும் குறைவதால் மேட்டில் கியரைக் கீழிறக்க வேண்டிவரும்.

இதோடு இப்போது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கென்று டியூன் செய்த பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே சொல்லியிருக்கிறது. ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: எத்தனால் கூடும்போது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. அதனால் பழைய வண்டியில் ஃப்யூல் ட்ரிம் நாலைந்து விழுக்காடு ப்ளஸ்ஸில் நிற்பது இயல்பே. அதைப் பார்த்ததும் வேக்கும் லீக் என்று முடிவுகட்டி பாகங்களைக் கழற்ற வேண்டாம்.

டயரும் கணக்கைக் குழப்பும். அழகுக்காகப் பெரிய டயர் போட்டு அதன் சுற்றளவு 4 விழுக்காடு கூடினால், ஓடோமீட்டர் அதே அளவு குறைத்துக் காட்டும். குடிக்கும் பெட்ரோல் கூடாமலே மைலேஜ் விழுந்ததுபோல் தோன்றும்.

ஆகவே நாம் முன்வைக்கும் நடைமுறை இது. வண்டியைக் கம்பெனி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அதன் சொந்தப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஜாப் கார்டில் நான்கு விவரங்கள் ஏற வேண்டும்: உள்ளூர் ஓட்டமும் வெளியூர் ஓட்டமும் எவ்வளவு, டயர் அளவும் காற்றும், ஏசி பழக்கம், ஒரே பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டு அடுத்த ஃபுல் டேங்க் வரை எடுத்த மைலேஜ். ஒரு முறை போட்டுப் பார்த்த கணக்கு செல்லாது. மூன்று நிரப்புதலின் சராசரி வேண்டும். மீட்டர் திரை காட்டும் எண் துணைக்கு இருக்கட்டும், சான்றாக வேண்டாம்.

22 சொன்ன கார் தொடர்ந்து 14 தந்தால் அது அந்த ஓட்டத்தின் விலை. 14 தந்துகொண்டிருந்த கார், அதே வழியில், அதே டயரில், 11-க்கு இறங்கினால் அதுதான் கோளாறு. அப்போது பிரேக் பிடித்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறதா, ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், அலைன்மென்ட் என்று வரிசையாகப் பாருங்கள்.

நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவில்லை. லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரமான ஒரு டீசல் கார் வல்லுநர் சோதனையில் 19.6 மட்டுமே தந்ததால், 2022-இல் திருச்சூர் நுகர்வோர் ஆணையம் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. சோதனை எண்ணைச் சாலை எண்ணாக விற்றால் வழக்கு வரத்தான் செய்யும். அமெரிக்காவில் 2008 மாடல் முதல் குளிர், ஏசி, வேக ஓட்டம் மூன்றையும் கணக்கில் சேர்த்தே லேபிள் ஒட்டுகிறார்கள். இங்கும் நகரத்துக்கு ஓர் எண், நெடுஞ்சாலைக்கு ஓர் எண், ஏசியோடு ஓர் எண் என்று அச்சிட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

2027 ஏப்ரல் முதல் உலகளாவிய புதிய சுழற்சிக்கு மாற சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு வெளியிட்டிருக்கிறது. அதன் ஐரோப்பிய வடிவம் 1,800 நொடி, 23 கிலோமீட்டர், உச்சத்தில் 131 கி.மீ. வேகம். எண்கள் நிஜத்துக்கு நெருங்கும், இடைவெளி மறையாது. அந்தச் சுழற்சிக்கு மாறிய ஐரோப்பாவிலேயே பெட்ரோல், டீசல் கார்கள் சாலையில் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகக் குடிப்பதாக 2024-இல் ஐரோப்பிய ஆணையம் தெரிவித்தது. மாற்றம் வந்தால், பழைய மாடலுக்கு 22 என்றும் புதியதற்கு 18 என்றும் அச்சாகும். புது வண்டி மட்டம் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பும். இரண்டும் வெவ்வேறு தேர்வில் வாங்கிய மதிப்பெண் என்று எடுத்துச் சொல்ல நம் கையில் சொந்தக் கணக்கு இருக்க வேண்டும். அந்த நான்கு விவரங்களுக்கான கட்டத்தை இந்த மாத ஜாப் கார்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.