டிக்கெட்டுக்கு முன் ரத்தப் பரிசோதனை

2023 ஜனவரி 30. டெல்லியிலிருந்து நியூயார்க் கிளம்பவிருந்த விமானத்திலிருந்து, புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து சில காலமே ஆன ஒரு பெண் இறக்கிவிடப்பட்டார். கைப்பையை மேலே வைக்க உதவி கேட்டதுதான் தகராறின் ஆரம்பம் என்றார் அவர். ஊழியர்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்றது விமான நிறுவனம். விவகாரம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வரை போனது. தன் உடல்நிலையை ஊழியர்களிடம் முன்பே சொன்னதாக அந்தப் பெண் கூறினார். வாய்ச்சொல் போதவில்லை.

நம் நாட்டில் புற்றுநோய் சிகிச்சை என்றாலே பயணம்தான். கவுஹாத்தியிலிருந்தும் ஐஸ்வாலிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரயிலில் சலுகை தாராளம்: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆனால் கவுஹாத்திக்கு ரயிலில் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு நாள். கீமோதெரபி முடித்த உடம்புக்கு அது தண்டனை. கடன் வாங்கியாவது விமானத்தில் கூட்டிப்போகலாம் என்று குடும்பம் நினைப்பதில் தப்பில்லை. தப்பு நடப்பது தேதியில்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட் வாங்கிவிடுகிறோம். உடம்போ வேறு காலண்டரைப் பார்க்கிறது. பல கீமோ மருந்துகளில், ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடுகின்றன. ஊசி போட்ட மறுநாள் தெம்பாகவே விமானம் ஏறியவருக்கு, பத்தாவது நாள் சொந்த ஊரில் காய்ச்சல் வரும். 100.4 டிகிரியைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். எனவே 'பறக்கலாமா?' என்பதோடு, 'பத்தாவது நாள் ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?' என்றும் டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகலும் கையில் இருக்கட்டும்.

விமானத்துக்குள் பிரச்சினை காற்றழுத்தம். பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். சிம்லாவிலோ ஊட்டியிலோ நிற்பது மாதிரி. ஆரோக்கியமானவர்களுக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே போனவர், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர் ஆகியோருக்கு மூச்சு முட்டலாம். ரத்தம் ஏற்றிய பிறகோ நீரை எடுத்த பிறகோ புறப்படுவது நல்லது. ஆக்ஸிஜன் தேவை என்றால் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் ஏற்ற மாட்டார்கள். அந்த உயரத்தில் உடலுக்குள் அடைபட்ட வாயுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். குடல், மூளை, மார்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு சில நாள் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

விமானக் காற்றே நோய் பரப்பும் என்ற பயம் மிகை. அது வடிகட்டப்பட்டுத்தான் வருகிறது. பக்கத்து சீட்டில் இருமுகிறவருக்காகத்தான் முகக்கவசம். நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் யாருக்கும் கூடுகிறது. புற்றுநோயாளிக்கு அது ஏற்கனவே அதிகம். நடைபாதையோர சீட் வாங்கி, அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். ஹெப்பாரின் ஊசி தேவையா என்பது டாக்டரின் முடிவு. தானாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது, தட்டணுக்கள் குறைந்தவருக்கு ஆபத்து.

மாத்திரைகளைப் பெட்டியோடு அனுப்பிவிடாதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போவது நம் நாட்டில் நடக்காததா என்ன? மார்ஃபின் இருந்தால் மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். வெளிநாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்டவர்கள், வாரக்கணக்கில் ஆன பிறகும் வெளிநாட்டு விமான நிலையக் கருவிகளை அலற வைத்துவிடலாம். ஒரு கடிதம் போதும். மார்பகம் அகற்றப்பட்டு சிலிக்கான் மார்பு அணிந்த பெண்கள், திரை போட்ட அறையில் சோதிக்கும் பெண் காவலரிடம் முதலிலேயே மெதுவாகச் சொல்லிவிட்டால் சங்கடம் குறையும்.

கடைசியாக, மெடிஃப் படிவம். சிகிச்சை தரும் டாக்டர் நிரப்பி, விமான நிறுவனத்தின் டாக்டர் பார்த்துச் சம்மதிக்க வேண்டிய காகிதம் இது. அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் ஆக்ஸிஜன் தேவைப்படுபவர்களுக்கும் இது வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்பே கொடுக்க வேண்டும். வீல்சேரையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படிவத்தில் நோயின் பெயரை எழுதியாக வேண்டும். நோயாளிக்கே அந்தப் பெயரைச் சொல்லாமல் 'வயிற்றில் கட்டி' என்று சமாளித்துக் கூட்டிச்செல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கவுன்டரில் இருக்கும் ஊழியர் காகிதத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்பார். வீல்சேரில் உட்கார்ந்திருப்பவர் அந்த வார்த்தையை முதல் தடவையாக அங்கேதான் கேட்பார், பின்னால் வரிசையில் நாற்பது பேர் நிற்கையில்.